மலைத் தண்ணீர் என்று நான் சொன்னது

நேற்று கள்ளக்குறிச்சியில் வாங்கிவந்த சிவப்புத் துண்டை வாளியில் நனைத்தேன். ஒரே முக்கில் தண்ணீர் சிவந்துவிட்டது. “சாயம் போவுதுப்பா, தனியா அலசு” என்றாள் சின்ன மகள். எனக்கு உன் பசுவின் முகம்தான் வந்து நின்றது.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. தியாகதுருகம் ரோட்டில் நீயும் நானும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். “நம்ம புள்ளைங்களாவது நாற்காலியில ஒக்காரணும்டா” என்றாய். நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

நான் வேலை பார்த்த சாயப்பட்டறை அப்போது மூடிக் கிடந்தது. கழிவுக்குழி மட்டும் மழையில் தளும்பியது. இறைத்துப் போகும் டேங்கர் வர வழியில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். “மலையில மழ. ஆத்துல செந்தண்ணி வரும். அதோட தொறந்து வுட்டுடு, எவனுக்குத் தெரியும்?” என்றார். ஊர் நியாயம் பேசிய வாய் அங்கே மூடிக்கொண்டது. நான்தான் திறந்துவிட்டேன்.

புதுவெள்ளம் வந்தால் சூடம் கொளுத்திவிட்டு முதலில் மாட்டுக்குக் காட்டுவது உங்கள் வீட்டு வழக்கம். மறுநாள் காலை சினைப்பசுவை ஆற்றுக்கு ஓட்டி வந்த நீ, தண்ணீரைப் பார்த்துத் தயங்கினாய்.

“இன்னாடா, நெறம் ஜாஸ்தியா கீது?”

“மலத் தண்ணிடா. செம்மண்ணு கரைஞ்சி வருது.”

முழங்கை வரை சாயமேறிய கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன். நீ ஒருமுறை என்னைப் பார்த்தாய். பிறகு சூடத்தைக் கொளுத்தினாய். பசு வயிறாரக் குடித்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். மூன்றாம் நாள் வயிற்றுக் கன்றோடு செத்துப்போனது.

கரையில் தேங்கியதை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஆபீசில் மனு கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போனாய். கூட வரச் சொன்னாய். காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டேன். உன் மனுவைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, சொல்லவே கூசுகிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. அதன்பிறகும் நீ சாகும்வரை ஒரே கடையில்தான் டீ குடித்தோம்.

போன வாரம் உன் மகன் வந்தான். ஆற்றுக்கு மேலே புதிதாக ஒரு பட்டறை சாயத்தண்ணீரை விடுகிறதாம். திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கிறார்கள். கையெழுத்துப் போட்டேன். அப்போதுதான் அந்தப் பழைய கதையைச் சொன்னான்.

“தொறந்த ஆளு யாருன்னு சொன்னா நடவடிக்கை எடுக்கலாம்னு ஆபீசர் கேட்டாராம், சித்தப்பா. அப்பாவுக்குத் தெரியும், சொல்லல. ‘அவனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது, வேல பூடும்’னு அம்மாகிட்ட சொன்னாராம். அது யாருன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல.”

அப்போது என் சின்ன மகள் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

தெரிந்தேதான் இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். இந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை நானும் அவனோடு போகிறேன். நீ சொல்லாமல் விட்ட பெயரை நான்தான் சொல்ல வேண்டும், முதலில் உன் மகனிடம். பஸ் ஏறுவதற்கு முன்னாலா, இறங்கிய பிறகா என்று இப்போதும் கோழைபோல யோசித்துக்கொண்டிருக்கிறேன்.