மஞ்சள் பஸ்ஸுக்கு நிற்கும் சார்ஜென்ட்

முதல் பனி விழுந்த வாரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் பேனிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. நீயாவது அந்த நியூசிலாந்தில் உன் மாடு கன்றுகளோடு நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் நீ பேசும்போதெல்லாம் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்பார், அவர் காதுபட அவரைப் பற்றி என்ன சொல்வது, எல்லாம் நல்லபடி என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். இப்போது அவர் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிறார். எழுந்துவிட்டால் நிறுத்த வேண்டும், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆடுகளை விற்றுவிட்டேன், மீதி இருப்பது கோழிகள்தான், அதற்கே குனிந்து நிமிர முடியவில்லை, இடுப்பு வலி போன வருஷத்தைவிட மோசம். கூரையில் நீ போட்டுவிட்டுப் போன பலகை இன்னும் ஒழுகாமல் இருக்கிறது.

அப்பாவின் மறதி உனக்குத் தெரியும், ஆனால் அது எங்கே வந்து நிற்கிறது என்று உனக்குத் தெரியாது. அவருடைய பழைய ராணுவ முதுகுப்பை நினைவிருக்கிறதா, வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கூடத்து மேசையில் அதை வைத்து ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்துக் காட்டிப் பிரசங்கம் பண்ணுவாரே, அதேதான். இந்த நாட்டில் சிப்பாய் பட்டாளத்திலா குடியிருக்கிறான், தன் வீட்டில் பால் கறந்துகொண்டுதானே இருக்கிறான், ஆனால் அவனுடைய பை மட்டும் மச்சில் கட்டித் தயாராக இருக்கும், உத்தரவு வந்த அன்றைக்குச் சாக்ஸ் எங்கே, சாப்பாட்டுப் போணி எங்கே என்று தேடக்கூடாது, விசுவாசியும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பார். நீங்கள் எல்லாரும் அந்த முட்டி கிழிந்த நீள உள்ளாடை வெளியே வரும்போது சிரிப்பதற்காகவே முன் வரிசையில் உட்காருவீர்கள். இன்னொன்றும் சொல்வாரே, மலைக்கணவாயில் இவர் காவல் நின்றபோது மாற்றிவிட வரவேண்டியவன் தூங்கிப்போய்விட்டான், இவர் பனியில் மத்தியானம் வரை அசையாமல் நின்றார் என்று. காவலை விட்டு ஓடுகிறவன் மட்டுமல்ல, காவல் மாற்ற வராதவனும் குற்றவாளிதான் என்று மேசையைத் தட்டுவார், போணி குதிக்கும்.

இப்போது என்னவென்றால், தினமும் காலையில் அந்தப் பையைக் கட்டுகிறார். கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, ரொட்டித் துண்டும் பாலாடைக்கட்டியும் சாக்ஸும் உள்ளே வைத்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு, பால் டிப்போவுக்கு எதிரே மஞ்சள் பஸ் நிற்கிற இடத்தில் போய் விறைப்பாக நிற்கிறார். உத்தரவு வந்துவிட்டதாம், தூனில் இருக்கிற பட்டாள முகாமுக்குப் போய்ச் சேரவேண்டுமாம். பட்டாளத்திலிருந்து விடுவித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று நான் சொன்னால் எனக்கே பாடம் எடுக்கிறார். பஸ் டிரைவர் நல்ல மனுஷன், “இன்னிக்கு உங்க பேர் வரலையாம் அண்ணே, நாளைக்குப் பாக்கலாம்” என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார், பிறகு நான் கைத்தாங்கலாக அழைத்து வருவேன். போன மாதம் அந்த டிரைவருக்கு விடுப்பு, வேறு ஆள் வந்திருந்தான், ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நான் கோழிக்கூட்டில் இருந்தேன். சாயங்காலம் தூனிலிருந்து போலீஸ்காரர் போன் பண்ணினார். முகாம் கேட்டுக்கு வெளியே மேல்சட்டை இல்லாமல் மழையில் நின்றிருக்கிறார், உள்ளே வரச் சொன்னதற்கு எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கால் விரல்கள் மரத்துப்போய், இன்னும் இரண்டுக்கு உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, லாங்னாவில் முதியோர் இல்லத்தில் ஒரு இடம் காலியாகிறது, கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முந்தி வருகிற அட்வெந்து முதல் ஞாயிறுக்குள் பதில் சொல்லுங்கள் என்று. அந்த இல்லத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சுத்தமான இடம், ஆனால் அங்கே வெளிக்கதவு பூட்டித்தான் இருக்கும். பூட்டின கதவுக்குப் பின்னால் உத்தரவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிற்கிற உன் அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை பேனி. வீட்டில் வைத்துக்கொள்ளவும் தெம்பில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சபை மூப்பர் சாமுவேல் வந்து பார்த்தார். இது துக்கப்படுகிற காரியமில்லை சகோதரி, எல்லாம் மறந்தும் ஆயத்தமாக இருப்பதை மறக்கவில்லை பாருங்கள், நமக்கெல்லாம் சாட்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு, நாளைக் காலையில் நீங்கள் வந்து இந்தச் சாட்சிக்குச் சாக்ஸ் மாட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உன் அப்பா ஆயத்தமாக இல்லை, பயந்துபோயிருக்கிறார். பை கட்டும்போது வாசலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். ஒருநாள் கேட்டேன், எதுக்கு இந்தப் பதற்றம் என்று. “பேர் கூப்பிடுவாங்க ஹெடி. நான் அங்க இல்லேன்னா ஓடிப்போயிட்டான்னு முடிவு பண்ணிடுவாங்க” என்றார். யார் கூப்பிடுவாங்க, கர்னலா கர்த்தரா என்றேன். “ரெண்டு பேருந்தான்” என்றார். இத்தனை வருஷம் மேசை அதிரப் பிரசங்கம் பண்ணின மனுஷனுக்குள் இப்படி ஒரு பயம் இருந்ததா, இல்லை இந்த நோய்தான் கொண்டுவந்து வைத்ததா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் தெம்பும் இல்லை.

பக்கத்து வீட்டு வெர்னர்தான் முதலில் ஒரு யோசனையைச் சொன்னது. அப்பாவின் வயதுக்காரர்களை விடுவித்த அன்றைக்கு இவர் வைக்கோல் போரிலிருந்து விழுந்து கால் ஒடிந்து படுக்கையில் கிடந்தார். துப்பாக்கியையும் உடுப்பையும் வெர்னர்தான் கொண்டுபோய் ஒப்படைத்தான். வரிசையில் நிற்கவில்லை, கைகுலுக்கி நன்றி சொல்லவில்லை, கடைசிச் சாப்பாடும் சாப்பிடவில்லை. “அண்ணனை இன்னும் யாரும் விடுவிக்கலக்கா, அவர் மனசுல அதுதான் நிக்குது, நான் விடுவிச்சுவிடறேன்” என்றான். சரி, அதையும் பார்ப்போம் என்றேன். தன் பழைய தொப்பியை வைத்துக்கொண்டு, தொப்பைக்கு மேல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து, நம் சமையலறையில் நின்று கணீரென்று, சார்ஜென்ட், உங்கள் சேவை முடிந்தது என்றான். அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். சில நாள் மனைவி பெயரே மறந்துபோகிற மனுஷனுக்கு இது மறக்கவில்லை பார். “டேய் வெர்னர், நீ பட்டாளத்துல உருளைக்கிழங்கு உரிச்சவன். சார்ஜென்டை விடுவிக்கிற அதிகாரம் உனக்கு யாருடா குடுத்தது?” என்றார். வெர்னர் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

சார்ஜென்டுக்கு மேலே இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால் ஒரே ஒரு ஆள்தான், ஊர்க்கோயில் போதகர் ரெகுலா. பட்டாளத்துக்குப் போதகராகப் போகிறவர்களுக்குக் கேப்டன் பதவி உண்டு, அந்தப் பெண் வருஷத்துக்கு ஒரு முறை உடுப்பு மாட்டிக்கொண்டு போய்வருகிறாள். இதில் உள்ள வில்லங்கம் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் சபை பிரிந்து வந்ததிலிருந்து அப்பா ஊர்க்கோயில் வாசல்படி மிதித்ததில்லை, அதிலும் பெண்பிள்ளை பிரசங்கபீடத்தில் ஏறினாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அவர் குரல் பால் டிப்போ வரை கேட்டது. அவளிடம் போய்க் கேட்க எனக்கு வெட்கம்தான். ஆனாலும் போனேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாடகம் ஆடமாட்டேன், பொய்யும் சொல்லமாட்டேன், உண்மை எதுவோ அதைச் சொல்கிறேன், ஆனால் சும்மா உடுப்பை மாட்டிக்கொண்டு திரிய அனுமதி கிடையாது, அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடிந்து உடுப்போடுதான் பஸ்ஸில் வருவேன், நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றாள்.

சொன்னபடி போன சனிக்கிழமை வந்தாள். மஞ்சள் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கும்போது அப்பா வழக்கம்போல முதுகுப்பையோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், நான் இரண்டடி பின்னால். தோளில் இருந்த பட்டையைப் பார்த்தாரோ இல்லையோ, குதிகாலைச் சேர்த்து சல்யூட் அடித்தார். பெண் என்றோ, ஊர்க்கோயில் என்றோ ஒரு நினைப்பும் இல்லை, கேப்டன் என்றால் கேப்டன்தான். அவளும் நின்று திருப்பி சல்யூட் அடித்தாள். அந்தக் குளிரில், டிரைவர் பஸ்ஸை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, “சார்ஜென்ட் கோட்ஃபிரீட் ஏஷ்லிமன், உங்க சேவை முழுசா முடிஞ்சிருக்கு. குறை ஒண்ணும் இல்லை. நாடு உங்களுக்கு நன்றி சொல்லுது” என்று நிதானமாகச் சொல்லிக் கை நீட்டினாள். அப்பா கையைக் கொடுக்கவில்லை. “கேப்டன், ஆண்டவரோட சேவை? அதுவும் முடிஞ்சுதா?” என்று கேட்டார். இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று இருந்தது எனக்கு. அவள் நீட்டின கையை இறக்கிக்கொண்டாள். பிறகு, “அதுலேர்ந்து விடுவிக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா அதுக்கு நீங்க பஸ் பிடிச்சுப் போகவேண்டியதில்லை, சார்ஜென்ட். கூப்பிடுறவரே வீட்டுக்கு வருவார். நீங்க வீட்டுல இருந்தாப் போதும்” என்றாள். அப்பா அவளையே பார்த்தார். பையைத் தோளிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தார், ஒப்படைக்கிற மாதிரி. அவளும் வாங்கி, உள்ளே பார்த்து, சரியாக இருக்கிறது என்றாள்.

வீட்டில் வெர்னர் பட்டாளத்து மாட்டிறைச்சிச் சூப்பைப் பெரிய குண்டானில் வைத்துக் காத்திருந்தான், அந்த வேலையாவது தன் பதவிக்கு உட்பட்டது என்று. நாலு பேரும் சாப்பிட்டோம். அப்பா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உப்புக் கம்மி என்றார், பட்டாளத்திலும் அப்படித்தானாம். ரெகுலா போகும்போது அவர் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாள், அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலை குனிந்து நின்றார். சபையில் இதைக் கேள்விப்பட்டு என்ன பேசுகிறார்களோ பேசட்டும், எனக்கு அவர்களோடு வாதாட நேரமில்லை. பையைக் கொட்டகையில் ஆணியில் மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பஸ்ஸுக்குப் போகவில்லை. காலையில் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறார், பஸ் போகிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இவர் கையை ஆட்டுகிறார். எத்தனை நாளைக்கு இது நிற்கும் என்று தெரியாது. நாளைக்கே மறந்து மறுபடி பையைத் தேடினாலும் ஆச்சரியமில்லை, டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார், இல்லத்து இடத்தை விட்டுவிடவேண்டாம் என்கிறார்.

நான் எழுத வந்தது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோழிக்குத் தீனி வைக்கக் கிளம்பினேன். குனிந்து பூட்ஸ் மாட்ட முடியாமல் அந்த முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அப்பா ஜன்னலை விட்டுத் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை, என்னை நன்றாகத் தெரிந்த கண். “ஹெடி, நீ எப்பலேர்ந்து காவல்ல நிக்கிற? உன்னை மாத்திவிட யாரு வர்றா?” என்று கேட்டார். கோழிக்கூட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கம் என்று சொல்லமுடியாது, அலுப்புதான் எல்லாம். அத்தனை வருஷம் அவர் பிரசங்கத்தைக் கேட்டு, அதெல்லாம் ஆம்பிளைகளுக்குச் சொல்கிறது, பட்டாளத்துக்குப் போனவர்களுக்குச் சொல்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். நானும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது.

ஆகையால் பேனி, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், இந்தக் குளிர்காலம் மட்டும் வந்து என்னோடு இரு. குற்றம் சொல்லிக் கூப்பிடவில்லை, நீ தூங்கிப்போனவன் இல்லை, நான்தான் கூப்பிடாமல் இருந்தேன். பனி உருகும்வரை நீ காலை வேளையைப் பார்த்துக்கொண்டால் நான் கொஞ்சம் தூங்கி எழுந்து, இல்லத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தெளிவான புத்தியோடு முடிவு பண்ணுவேன். இப்போது முடிவு பண்ணினால் அது அலுப்பு பண்ணுகிற முடிவாக இருக்கும். வர முடியாவிட்டால் சுற்றி வளைக்காமல் முடியாது என்று அட்வெந்துக்கு முன்னாலேயே சொல்லிவிடு, நான் லாங்னாவுக்குச் சரி என்று சொல்லிவிடுகிறேன், உன்மேல் மனத்தாங்கல் வைக்கமாட்டேன். உன் அறையில் கட்டிலைத் தட்டி மெத்தை விரித்து வைத்திருக்கிறேன், அது எப்படியும் செய்யவேண்டிய வேலைதான். அங்கே வெயில் காலம் வருகிறது என்று தொப்பி இல்லாமல் திரியாதே. பல்வலிக்கு வைத்தியரைப் பார்த்தாயா இல்லையா என்று போன தடவையும் நீ சொல்லவில்லை. கர்த்தர் உன்னைக் காத்து, உன் போக்கையும் வரத்தையும் நல்லதாக்குவாராக.

என்றும் உன் அம்மா,
ஹெட்விக்

கடைசியாக ஒன்று. அப்பா எழுந்துவிட்டார், யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். காவல் மாற்ற வரவேண்டியவனுக்கு என்றேன். நீ என்று புரிந்துகொண்டாரோ இல்லையோ தெரியவில்லை, “சாக்ஸ் ரெண்டு ஜோடி எடுத்துட்டு வரச் சொல்லு, மேல கணவாய்ல குளிரும்” என்றார்.