உருமால் கட்ட வேண்டியவள்

நாசரேத்
14.7.2024

மகாராசா சிலுவை அண்ணனுக்கு, உன் ஒரே தங்கச்சி நேவிஸ் நல்ல சுகத்தோடு எழுதுவது.

நீ போனை எடுக்க மாட்டாய், அதனால் காகிதம். அஞ்சாப்புப் படிப்புக்கு இந்த எழுத்துதான் வரும். பிழை பார்க்காதே.

மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்கு உன் அழைப்பிதழ் வந்தது. ஆட்சியெல்லாம் போய் எத்தனையோ காலமாகியும், நம் கடற்கரையில் தேர்வடத்தை முதலில் தொடுகிற ராசா நீதான். அன்றைக்கு ராசாவின் தலையில் உருமால் கட்டுவது ராச வீட்டுத் தங்கச்சி முறை. கத்தோலிக்கச் சபையை விட்டு சி.எஸ்.ஐ.காரரைக் கட்டினேன் என்று நீ என்னை விலக்கிய பிறகு, அப்பாவின் தங்கச்சி, நம் அத்தை, கட்டினாள். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். உடனே உனக்கு என் விலாசம் ஞாபகம் வந்துவிட்டது.

அழைப்பிதழில் என் பேர் மட்டும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பெனிஸ்டன் ஆறடி ஆள் அண்ணே, இருபத்தோரு வருசமாக உன் கண்ணில் படவில்லையா? அவர் பக்கத்தில் நிற்காமல் நான் கட்ட மாட்டேன்.

நேவிஸ்


தூத்துக்குடி
20.7.2024

தங்கை நேவிசுக்கு,

முறை முறைதான். தேர் மேடையில் ஒரு பதிதனை ஏற்ற முடியாது. அவன் பந்தலில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். நீ மட்டும் மேடைக்கு வா. பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.

சிலுவை
(ராச முத்திரை)


நாசரேத்
25.7.2024

அண்ணே,

முத்திரை அழகாக விழுந்திருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பா?

'பதிதன்' என்று எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஏளா, சபையப் பிரிஞ்சவன்னுதான அர்த்தம்? ஒங்க அண்ணன் கூடப்பொறந்தவளையே பிரிச்சு வச்சிருக்காரு. அவருதான் பெரிய பதிதரு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்குள் நீ என்னை விடவில்லை. மழையில் எனக்குக் குடை பிடித்து நின்றது இந்த மனுசன்தான்.

சேலையை மதினிக்குக் கொடு. உருமாலை நீயே கட்டிக்கொள். மூன்று சுற்று, சுருக்கு பின்னால். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும், கவனம். நான் வரவில்லை.

நேவிஸ்


தூத்துக்குடி
7.8.2024

நேவிஸ்,

தேர் ஓடிவிட்டது. இரண்டு தரம் கட்டிப் பார்த்தேன், இரண்டு தரமும் மூக்கில் வந்து விழுந்தது. உன் மதினி கட்ட வந்தாள், வேண்டாம் என்றேன். வெறுந்தலையோடு போய் நின்றேன்.

"ராசா எங்கலே?" என்று கூட்டத்தில் எவனோ கேட்டான்.

"கட்ட வேண்டியவள நாந்தான் வெரட்டிட்டேன். இந்த வருசம் ராசா கெடையாது" என்று சொல்லி, எல்லாரோடும் சேர்ந்து வடம் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். ஆராதனை முடிந்து மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்? அவர் இருக்கும்போதுதான் வர வேண்டும்.

அண்ணன்
சிலுவை