ஓரத்தில் வைத்த கொட்டை

ஞாயிறு இரவு, கார்த்திகை. மழை விடவில்லை.

குடியை நிறுத்தியவர்களை விசாரித்து எழுதிப் போகும் பிள்ளை ஒருத்தி பதுளையிலிருந்து இன்று எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தாள். வாசல் இஸ்தோப்புத் தரையில் சாக்கட்டியால் வட்டத்துக்குள் வட்டமாகக் கீறி, நடுவில் என் வீட்டுக்காரரை உட்கார வைத்தாள். கையில் தேயிலைக் கொட்டைகளைக் கொடுத்தாள்.

"குடிக்காம இருக்க யாரு ஒங்களுக்கு ரொம்பத் துணையோ, அவங்களக் கிட்டக்க வைங்க அண்ணே. ஒரு ஆளுக்கு ஒரு கொட்ட."

முதல் கொட்டையை முழங்காலோடு ஒட்டி வைத்தார். "இது செல்வராசு." இவரோடு சேர்ந்து குடித்து, இவரோடு சேர்ந்தே நிறுத்திய கூட்டாளி. என்னைக் கடைசி வட்டத்தில் வைத்தார். குடித்துவிட்டுத் தண்ணி ஓடும் கானில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தவள் நான்! அந்தப் பிள்ளை நாடா பிடித்து அளந்தாள். என் கொட்டைக்கு நாடாவை நீட்டி இழுக்க வேண்டியிருந்தது.

அவள் போனதும், ஏன் என்று கேட்டேன்.

"செல்வராசு என் வாய மோந்து பாக்குறதில்ல," என்று சொல்லிவிட்டு அவன் குடியிருக்கும் காம்பராவுக்கே போய்விட்டார்.

பொழுது சாய்ந்து வந்தவரை, வழக்கம்போல வாசலிலேயே மறித்து வாயை முகர்ந்தேன். இஞ்சித் தேத்தண்ணி மணந்தது. அவன் வீட்டுத் தேத்தண்ணி. சாராயம் மணத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.