மூன்றாவது தூண்

மார்ச் 4, செவ்வாய்

நான் ஒன்றும் சுவரேறிக் குதித்து வரவில்லை. கேட் திறந்திருந்தது, உள்ளே வந்தேன். தலையில் ஹெல்மெட் இல்லையாம். இன்று மகள் இடித்துக்கொண்டிருக்கும் இந்த ஆஸ்பத்திரியை அன்று நாங்கள் கட்டும்போது தலையில் துண்டுதான் இருந்தது, நாலு மாடியும் எழும்பவில்லையா? அதற்காக வேலைக்காரர்கள் எல்லாரும் பார்க்க, பெற்ற அப்பனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ரோட்டில் விடுவதா? வாட்ச்மேனிடம் வேறு, "இவரை உள்ளே விட்டீங்கன்னா உங்களைத்தான் கேப்பேன்" என்று மிரட்டல்.

நேரில் பேச விட்டால்தானே. மகள் என்று நினைத்து வாயைத் திறந்தால் எதிரே இன்ஜினியர் நிற்கிறாள். அதனால் இதையெல்லாம் நோட்டில் எழுதுகிறேன். நோட்டு கையைப் பிடித்து இழுக்காது.

அவள் கொண்டுவந்திருக்கும் இயந்திரத்துக்கு முதலை என்று பெயர் வைத்திருக்கிறேன். சங்கிலிச் சக்கரத்தில் அதுவே நகர்ந்து வருகிறது. பொக்லைன்காரர் இடித்த காங்கிரீட்டை அள்ளி அதன் வாயில் போடுகிறார். இரண்டு தாடை. மென்று ஜல்லியாக்கி வால் வழியே துப்புகிறது. வால் பக்கம் ஒரு காந்தம், கம்பியை மட்டும் பொறுக்கி ஓரமாகத் தள்ளுகிறது. இடித்ததை லாரியில் ஏற்றி எங்கோ கொட்டுகிற வேலையே இல்லை. அந்த ஜல்லியைத்தான் புதுக் கட்டிடத்துக்கு அடியில் பரப்பப் போகிறார்களாம். கெட்டிக்காரிதான். அவளிடம் சொல்ல மாட்டேன்.

அவளுக்குக் கோபம் ஹெல்மெட்டால் இல்லை. "பொறந்த எடத்தையே மெல்லுறியேம்மா" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். பொக்லைன்காரர் சிரித்துவிட்டார். அதுதான்.

மார்ச் 5

முழங்கால் வலி, போகவில்லை. பயந்துகொண்டு போகவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

எதிர்ப்புற டீக்கடை பெஞ்சில் இருந்து பார்த்தேன். ரோட்டில் உட்காரக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே.

நாலாவது மாடி, மூன்றாவது மாடி எல்லாம் குவியலாகக் கிடக்கின்றன. கீழ்த்தளத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. மாடிப்படிக்கு இடது பக்கம் மூன்றாவது தூண் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

அந்தத் தூணை இத்தனை வருஷம் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். மகள் பிறந்த அன்று காலை முழுக்க அதில்தான் முதுகைச் சாய்த்து நின்றேன். மச்சான் பிளாஸ்கில் காபி கொண்டுவந்து அவனும் அதே தூணில் சாய்ந்தான். ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தோம். "பொண்ணு" என்று நர்ஸ் வந்து சொன்னதும் அந்தத் தூணைத்தான் ஓங்கித் தட்டினான். அவனுக்கு எப்படித் தெரியும், என்ன தட்டுகிறோம் என்று.

சரி, எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

அந்தத் தூணுக்குள் எங்கள் மேஸ்திரியின் சம்மட்டி இருக்கிறது. நான்தான் போட்டேன்.

மேஸ்திரிக்கு அது உயிர். பிடியில் செம்புக் கம்பி சுற்றி வைத்திருப்பார். காங்கிரீட் ஊற்றும்போது தூணைச் சுற்றி அடித்த பலகைக்கு வெளியே அதால் தட்டிக்கொண்டே வருவார். காதை வைத்துக் கேட்டு, இங்கே பொந்து விழுந்திருக்கு, இன்னும் குத்துங்கடா என்பார். அன்று அவரைத் தேட விட்டு வேடிக்கை பார்க்கலாம் என்று, சணல் கட்டி மூன்றாவது தூணின் பலகைப் பெட்டிக்குள் தொங்க விட்டேன். டீ குடித்துவிட்டு வந்து எடுப்பதாகத்தான் எண்ணம். கடையில் இன்னொரு டீ சொன்னேன். அந்த இன்னொரு டீதான் எல்லாம். மேகம் கறுக்கிறது என்று மேஸ்திரி முன்னாலேயே கலவையைப் போடச் சொல்லிவிட்டார். நான் திரும்பி வந்தபோது மூன்றாவது தூண் கழுத்துவரை நிறைந்திருந்தது.

சம்மட்டி கடைசியாக மச்சான் கையில் இருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அப்போது அவன் எனக்கு மச்சான் இல்லை, கூட்டாளி. மேஸ்திரி அவனுக்குத்தான் தொழிலைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். திருடன் என்று எல்லார் முன்னாலும் சொல்லித் துரத்திவிட்டார். அதோடு அவன் கொத்தனார் கரணையைத் தொடவில்லை. லாரி ஓட்டப் போய்விட்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அது மட்டுமா. அவனுக்குச் சம்மட்டி என்று பட்டப்பெயர் வைத்தவனும் நான்தான். பயத்தில் வைத்தேனா, கொழுப்பில் வைத்தேனா, இன்றைக்கும் தெரியவில்லை. நாற்பத்தைந்து வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறேன். இப்போது அவன் பேரப்பிள்ளைகளும் கூப்பிடுகின்றன.

மார்ச் 8, சனி

மகளுக்குப் போன் செய்தேன். மூன்றாவது தூணை முதலை வாயில் போடாதே, உள்ளே இரும்பு இருக்கிறது என்றேன்.

"எல்லாத் தூண்லயும்தான்ப்பா கம்பி இருக்கு. காந்தம் எடுத்துக்கும்."

"கம்பி இல்லம்மா. கட்டி இரும்பு. காந்தம் வாலுலதானே இருக்கு, தாடை முன்னாடியில்ல இருக்கு?"

கட்டி இரும்பு மாட்டினால் தாடை பிளந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இது அவள் தனியாக எடுத்த முதல் வேலை. இயந்திரம் படுத்தால் இவளை நம்பி அடுத்த வேலை யார் கொடுப்பார்கள்?

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா. "அந்தத் தூணைப் பெத்தவனே நான்தானே" என்றேன். வைத்துவிட்டாள். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். என்னை யார் நம்புவார்கள், எப்போது நான் விளையாடாமல் பேசியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சான் வந்தான். வாசலில் பார்த்ததும், "வாய்யா சம்மட்டி" என்றேன். வந்துவிட்டது வாயில். "வந்துட்டேன் மாப்ளே" என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான். மத்தியானம்வரை இருந்தான். தாயம் ஆடினோம். நான் அழுகுணி ஆட்டம் ஆடியதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி விட்டுவிட்டான். சொல்லவில்லை. தூண் விஷயத்தைச் சொல்லணும்னுதான் இருந்தேன்.

அவன் போனபிறகு என் வீட்டுக்காரியைத்தான் நினைத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டாள், "எங்கண்ணன் திருடலைன்னு நீங்களாவது நம்புறீங்களா?" நம்புகிறேன் என்றேன். "ஊரே சொல்லும்போது உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு நம்பிக்கை?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து என்னைத் தெய்வம் மாதிரி நடத்தினாள். அந்தக் கையை உதறத் தெரியவில்லை எனக்கு.

மார்ச் 10, திங்கள்

விடிந்ததும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றேன். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. மகள் பார்த்ததும் திட்ட வாயெடுத்தாள். "இன்னைக்கு விளையாடல" என்றேன். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். இன்னொரு டீயையும் சொன்னேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பொக்லைன்காரருக்குக் கையைக் காட்டி முதலையை நிறுத்தினாள். மூன்றாவது தூணைக் கையால் உடைக்க இரண்டு பேரை விட்டாள்.

மார்ச் 11

சம்மட்டி முட்டி உயரத்தில் இருந்தது. காங்கிரீட்டுக்குள் காற்றே படாமல் இருந்த இரும்பு, நேற்று வாங்கியது மாதிரி. பிடி சுருங்கியிருக்கிறது. செம்புக் கம்பி மட்டும் பச்சை பிடித்திருக்கிறது. சணல் இருந்த இடத்தில் ஓட்டைதான். மகள் அதைத் துணியில் துடைத்து என் மடியில் வைத்தாள்.

"மாமாகிட்ட நீங்கதான் குடுக்கணும். நான் குடுக்க மாட்டேன்."

கனம் தாங்கவில்லை. எடையைச் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மச்சானை டீக்கடைக்கு வரச்சொல்லி, உள்ளே கூட்டிப்போனேன். மாடிப்படி இருந்த இடத்தில் ஒரு பலகை போட்டிருந்தது. உட்கார வைத்து, துணியைப் பிரித்தேன்.

தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். நான் ஆரம்பித்தேன். அன்று மேகம் கறுத்திருந்தது, நான் டீக்கடைக்குப் போனேன் என்று. நேராக விஷயத்துக்கு வராமல் சுற்றினேன், தெரிகிறது. பலகைப் பெட்டியில் சணல் கட்டித் தொங்க விட்டேன் என்கிற இடம் வந்ததும், கையை நீட்டி எடுத்துக்கொண்டான். பிடியில் சுற்றிய செம்பை விரலால் ஒருமுறை தடவினான். எழுந்து போய், மூன்றாவது தூணின் அடிக்கட்டையில் இரண்டு தட்டு தட்டினான். மேஸ்திரி மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு அதைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தான்.

நான் பாதியில்தான் இருந்தேன். கேட்க வேண்டிய வார்த்தை இன்னும் வரவே இல்லை. சம்மட்டி என்று கூப்பிடத் தொண்டைவரை வந்தது, விழுங்கினேன். "மச்சான்" என்றேன். திரும்பவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். உள்ளே இருந்து இரும்பு எதுவும் வெளியே போகக்கூடாது என்று மகளின் உத்தரவு.

"பெரியவரே, இது என்ன?"

"நாப்பத்தஞ்சு வருஷம் முன்னாடி நான் திருடுனது" என்றான் மச்சான். "இன்னைக்குத்தான் எடுத்துட்டுப் போறேன்."

வாட்ச்மேன் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். மகள் விடச் சொல்லித் தலையாட்டினாள்.