எடை கேட்காத கருவி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. என் ரத்த அழுத்தம் மட்டும் திங்கட்கிழமையிலிருந்து சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் பேசிவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார், முழுக்கப் படி.

எங்கள் நர்சிங் பள்ளியில் பிள்ளைகள் படிக்கவும் நாங்கள் பாடம் தயாரிக்கவும் ஒரு ஏஐ கருவி வாங்கப் போகிறார்கள், அதைத் தேர்ந்தெடுக்க பிரின்சிபால், லைப்ரரிக்காரர், நான் என்று மூன்று பேர். மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து காட்டினார்கள். முதல் கருவி குழைந்து குழைந்து பேசுகிறது, திரையில் பூப்பூவாய் வருகிறது, பிரின்சிபால் அங்கேயே விழுந்துவிட்டார். நான் சும்மா இருப்பேனா? என் வழக்கம் உனக்குத் தெரியுமே, ஒவ்வொரு டோஸ் கணக்குத் தாளிலும் ஒரு கேள்வியில் மட்டும் குழந்தையின் எடையை வேண்டுமென்றே எழுதாமல் விடுவேன், எடை தெரியாமல் மருந்து கொடுக்க மாட்டேன் என்று எழுதுகிறவளுக்குத்தான் மார்க். அதையே மூன்றுக்கும் கொடுத்தேன். பூப்பூக் கருவி கண் மூடித் திறப்பதற்குள் ஐந்து மில்லி என்றது. அடிப்பாவி, யாரைக் கேட்டுச் சொன்னாய்? துருவிப் பார்த்தால் குழந்தை இருபது கிலோ என்று அதுவாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவதும் அதே லட்சணம். மூன்றாவது பார்க்க ஒன்றுமில்லாத மூஞ்சி, அதுதான் குழந்தையின் எடை என்ன என்று கேட்டது. எனக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிரின்சிபாலிடம் சொன்னால், அது சின்ன விஷயம் டீச்சர், கம்பெனிக்காரங்க சரி பண்ணிடுவாங்க, பிள்ளைங்களுக்கு இதுதானே பிடிச்சிருக்கு என்கிறார். சின்ன விஷயமா! ஆறு மாதத்தில் குழந்தைகள் வார்டில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மூடினேன். உடனே ஒரு தாளை எடுத்து நீட்டினார், உங்க பொண்ணே இதைத்தான் முதல்ல போட்டிருக்கா, வெளிநாட்டுல குழந்தைகள் வார்டையே பார்த்துக்கிறவ, நீங்க என்னடான்னா முறுக்கிக்கிறீங்க என்று. மூன்றில் எது நல்லது என்று அவர் கேட்டு நீ அனுப்பிய பட்டியல். லைப்ரரிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மூக்கு உடைந்தது போ.

அன்று மாலை உன்னைக் கேட்டால், நேரமே இல்லைம்மா, எது நல்லதுன்னு அந்தக் கருவிகிட்டயே கேட்டு அப்படியே அனுப்பிட்டேன் என்கிறாய், அதுவும் சிரித்துக்கொண்டே! தன்னையே முதலில் போட்டுக்கொண்ட பட்டியலுக்குக் கீழே என் மகள் பெயர். நான்தான் போனை வைத்தேன், சிக்னல் போகவில்லை.

என் வகுப்பில் நீ இருந்தபோது அந்தக் கேள்விக்கு நீயாகப் பத்து கிலோ என்று போட்டுக் கணக்கை முடித்தாய். பெற்ற மகள் என்று பார்க்காமல் பூஜ்யம் போட்டேன், ஒரு வாரம் என்னோடு பேசாமல் அப்பாவைத் தூது விட்டாய். பிறகு வேலைக்குப் போன முதல் வருடம், டாக்டர் கத்தியும், சீட்டில் எடை இல்லை என்று மருந்து கொடுக்காமல் நின்றாயே, குழந்தையை நிறுத்துப் பார்த்தால் எழுதியிருந்த டோஸ் இரண்டு மடங்கு என்று அழுதுகொண்டே போன் செய்தாயே, அந்தப் பெண்ணா இதை அனுப்பினாள்?

வெள்ளிக்கிழமை முடிவெடுக்கிறார்கள். என் பேச்சு அங்கே எடுபடாது, உன் பேச்சு எடுபடும். எனக்காக ஒரு வார்த்தையும் பொய்யாக எழுத வேண்டாம். மூன்றிலும் உன் கையால் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார், பார்த்ததை உன் வார்த்தையில் பிரின்சிபாலுக்கு எழுது.

அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பா புதுப் பல் கட்டியிருக்கிறார், யாரைப் பார்த்தாலும் காரணமில்லாமல் சிரிக்கிறார். போன வாரப் போட்டோவில் உனக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அவளைச் சத்து மாத்திரை போடச் சொல்லு, ரெண்டு வேளை பால் குடிக்கச் சொல்லு என்று அப்பா பக்கத்தில் நின்று நச்சரிக்கிறார். நான் எதுவும் சொல்லப் போவதில்லை. முதலில் உன் எடையை எழுது.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையை மறக்காதே.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா