வடிகாலில் நம் நீல டைல்ஸ்

என்னங்க,

நைட் ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் படுத்தீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறது. பின்கேட் சாவி ஆணியில்.

வீடுகளுக்குப் பின்னால் போகும் பொது வடிகாலைப் பார்க்க நகராட்சி ஆள் மதியம் வருகிறார். பின்வீட்டுத் தையல்காரர் துணித்துண்டு போட்டு அடைத்துவிட்டார் என்று புகார் கொடுத்தேனே, அதற்குத்தான். காலையில் வடிகாலில் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் கம்பியால் கிளறிப் பார்த்தேன். வந்ததெல்லாம் நம் பழைய குளியலறையின் நீல டைல்ஸும் சிமெண்ட் கட்டியும். குளியலறையை இடித்தபோது கொத்தனாரிடம், “அங்கயே ஓரமா கொட்டிடுங்க, யாரு பாக்கப் போறா” என்று சொன்னது நான்தான். வருகிற ஆளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உடனே தையல்காரர் வீட்டுக்கு ஓடினேன். வடிகால் தண்ணீர் உள்ளே புகுந்து, தைத்து வைத்த பள்ளிச் சீருடைகள் எல்லாம் சேறு. நான் வாய் திறக்குமுன், “உள்ள வாங்கக்கா, தரை வழுக்கும், பாத்து” என்றார். நேற்று தெருவே கேட்க அவரை அப்படிப் பேசியிருந்தேன்! நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவி என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

வாளியும் சோப்பும் எடுக்க வந்தேன். சீருடைகளை அலசிக் கொடுக்கப் போகிறேன்.

பி.கு.: நான் புகார் கொடுக்கக் கிளம்பியபோது, “நம்ம பக்கமும் ஒரு தடவ பாத்துடு” என்றீர்கள். “நீங்க எந்த வீட்டு ஆளு?” என்று கத்தினேன். மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்று: நகராட்சி ஆள் போனதும் நீங்களும் தையல்காரர் வீட்டுக்கு வாருங்கள். அந்தப் பெண் முகத்தைத் தனியாகப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.