கட்டெறும்பு அடைத்த நாலு ஓட்டை

அன்புள்ள கட்டெறும்புக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன், ஆனால் உன் அப்பாவோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவளுக்கு நலம் எங்கிருந்து வரும் என்பதை நீயே யோசித்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, கப்பல் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது முகமூடியைக் கீழே இறக்குகிறாயா இல்லை வழக்கம் போல அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறாயா, போன வாரம் போனில் இருமினாயே அது நின்றதா? அண்ணன் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, முதல் கடி எனக்குத்தான். மாடிக் குழாய் ஒழுகுகிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒரே மனுஷன் காலையில் ஷெட்டுக்குள் போனால் சாப்பாட்டுக்கு நாலு தடவை கத்தினால்தான் வெளியே வருகிறார் என்பதால் வெளியாளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

குழாய்க்கு வந்தவனையாவது விட்டாரா? அவனையும் ஷெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், நம் பழைய காரைக் காட்டி அதே பாட்டு. அந்தக் காலத்தில் சாதாரணக் குடும்பக் கார் வாங்கினவர்களில் வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் அதன் பாடியைக் கழற்றிக் கடாசிவிட்டு, வெளிப் பட்டறைக்காரர்கள் செய்து விற்ற ரெண்டு சீட்டு பாடியை, பந்தயக் கார் மாதிரி கூர்வால் வைத்ததை, வாங்கி மாட்டிக்கொள்வார்கள், அதுதான் ஸ்பீட்ஸ்டர், அப்படிப் பாடி செய்த பட்டறைகள் எத்தனையோ இருந்தன, நம்முடையது எதில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று இவர் சொல்லிக்கொண்டே போக, அவன் தலையை ஆட்டிக்கொண்டே நிற்க, மாடியில் தண்ணீர் அது பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்கு இதெல்லாம் மனப்பாடம். நீ போனதிலிருந்து அந்தக் காரின் இன்ஜினை மூடுகிற முன்மூடி நம் சாப்பாட்டு மேஜையில்தான் கிடக்கிறது, நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். சீட்டுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவள் நான், என் மிஷின் ஊசி எத்தனை ஒடிந்தது என்று யாராவது கேட்டார்களா. அந்த வண்டியில் பக்கத்து சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் வைப்பார்களாம், ஓட்டுகிறவர் முழங்கை இடிக்காமல் இருக்க. ஆக நான் ஏறி உட்கார்ந்தாலும் உன் அப்பாவின் காதைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதுவும் நல்லதுதான், இத்தனை வருஷம் எட்டாத காதுக்கு இனிமேலாவது நான் சொல்வது எட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை உனக்கு எழுதக் கூடாது என்று உன் அப்பா என்னிடம் கறாராகச் சொல்லியிருக்கிறார். எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். பழைய கார் சங்கத்திலிருந்து பூதக்கண்ணாடி வந்திருந்தார், எப்போதும் கழுத்தில் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைவாரே, அவரேதான். அவர் பார்த்து இன்ன பட்டறை பாடி என்று சொன்னால்தான் சங்கத்துப் பதிவில் அந்தப் பெயர் ஏறும், இல்லாவிட்டால் யாரோ வீட்டுக் கொல்லையில் தட்டின தகரம் என்று எழுதி, சங்கம் நடத்துகிற பழைய கார் ஊர்வலத்தில் கடைசியில் தள்ளிவிடுவார்கள். வாலைத் தடவினார், முன்மூடியில் காற்றுப் போக வெட்டின பிளவுகளை எண்ணினார், அடியில் படுத்து டார்ச் அடித்தார். எழுந்து, ரெண்டே இடத்தில்தான் பிறந்திருக்க முடியும் என்றார். அண்ணன் தம்பி ரெண்டு பேர் சண்டை போட்டுப் பிரிந்து ஆளுக்கொரு பட்டறை வைத்தார்களாம், ஒரே அச்சு, ஒரே பாடி, பெயர்த்தகடு மட்டும்தான் வேறு. அண்ணன் தகடு சதுரம், தம்பி தகடு நீளம். தகடு எப்போதோ போய்விட்டிருக்கும், பரவாயில்லை, ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கிற இரும்புப் பலகையில் அதை அடித்த நாலு ஓட்டை இருக்குமே, அதன் இடைவெளியை அளந்தால் போதும், எங்கே அந்த ஓட்டை என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நீதான் அடைத்தாய். போன தடவை லீவு முடிந்து கிளம்புவதற்கு முன், அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, பின்னால் செம்புத் துண்டை முட்டுக்கொடுத்துப் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து, தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டுப் போனாயே. பார்த்துவிட்டு மனுஷன் எவ்வளவு சந்தோஷப்பட்டார், அன்றைக்கே மேலே பெயின்டும் அடித்துவிட்டார், அவருக்கும் அது ஏதோ வேண்டாத ஓட்டை என்றுதான் நினைப்பு. நீ அழாதே, உன் மேல் தப்பில்லை, ஆனைக்கும் அடி சறுக்கும், அங்கே சறுக்கினது ரெண்டு ஆனை. பூதக்கண்ணாடி போன பிறகு உன் அப்பா உள்ளே விளக்கு வைத்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நான் உன் பழைய படங்களை எல்லாம் தேடினேன். அந்தப் பலகைக்கு முன்னால் நீ எடுத்துக்கொண்ட எல்லாப் படத்திலும் உன் தலைதான் மறைக்கிறது, ஓட்டை தெரியவில்லை, உன் பல்தான் தெரிகிறது. உனக்கு ஞாபகம் இருந்தாலும் பிரயோஜனமில்லை, வாய்ச்சொல்லைச் சங்கத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது, அதுதான் என் வயிற்றெரிச்சல். பெயின்டை உரித்து ஆசிட் தடவினால் வெல்டிங் வைத்த இடம் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும், அங்கே மறுபடி துளைத்து ஓட்டையைத் திறந்து அளந்துகொள்ளலாம் என்று பூதக்கண்ணாடி சொல்லிவிட்டுத்தான் போனார். உன் அப்பாவும் ஆசிட் வாங்கிவந்தார், கையுறையும் மாட்டிக்கொண்டார், நான் அப்பாடா என்று ஜன்னலைத் திறந்துவைத்தேன். அந்தப் பலகைக்கு முன்னால் போய் நின்றவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், இவ்ளோ சுத்தமா ஒரு வேலைய நான் ஜென்மத்துல செஞ்சதில்ல, அவ வேலையில கை வைக்க எனக்கு மனசு வரல என்கிறார். எப்படி இருக்கிறது பார். இந்த ஒரு பெயரைத் தெரிந்துகொள்ள எத்தனை வருஷம், எத்தனை ஊர், என் சாப்பாட்டு மேஜை வேறு, கை எட்டும் தூரத்தில் வந்ததும் வேண்டாமாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதோடு முடிந்ததா? பதிவுத் தாளில் பாடி செய்தவர் யார் என்ற இடத்தில் கட்டெறும்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பூதக்கண்ணாடி பதறிப்போய் போன் பண்ணி, அப்படி ஒரு கம்பெனியே கிடையாதே சார் என்கிறார். இவர் கொஞ்சமும் சிரிக்காமல், இருக்கு சார், கம்பெனி இப்ப வெளியூர்ல வேலை பாக்குது, லீவு கெடச்சதும் வரும் என்கிறார். அவர் போனை வைத்த வேகத்தைப் பார்த்தால் ஊர்வலத்தில் நமக்குக் கடைசி இடமாவது கிடைக்குமா என்று சந்தேகம். நாலு பேர் போன வண்டியை ரெண்டு பேர் வண்டியாக்கி அதற்குக் கட்டெறும்பு என்று பெயரும் வைத்தாயிற்று, பழமொழிக்குக் கழுதை ஒன்றுதான் பாக்கி, அது இந்த வீட்டில் நான்தான்.

பித்தளையில் உன் பெயரை வெட்டித் தகடும் செய்துவிட்டார், கரண்டி டிராயரில் கிடக்கிறது. மாட்ட நாலு ஓட்டை போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி, போட்டுத் தொலையுங்கள், முன்மூடியை எடுத்து மாட்டுங்கள், எனக்கு மேஜை வேண்டும் என்று கேட்டேன். அடைச்சவளே வந்து போடட்டும் என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறார். நீ ரெண்டு தடவை லீவைத் தள்ளிப் போட்டாய், அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஊர்வலத்துக்குக் கூட வேண்டாம், அதற்கு முன்போ பின்போ உனக்கு முடிந்தபோது வா. மனுஷன் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறார், கேட்டால் காற்று வாங்கப் போனேன் என்கிறார்.

நீ நன்றாக இரு, கண்ணும் கையும் பத்திரம், எடுத்த வேலை எல்லாம் உனக்கு நல்லபடி முடியட்டும். அந்த இருமலுக்கு டாக்டரைப் பார். அப்பா போன் பண்ணினால் பிரேக் எப்படி இருக்கிறது என்று கேள், ஓட்டைப் பேச்சை எடுத்துவிடாதே, வந்து அந்தப் பித்தளைத் தகட்டைப் பார்க்கும்போது முதல் தடவை பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள். எனக்கு மட்டும் ரகசியமாக ஒன்று சொல், சதுரமா, நீளமா?

இப்படிக்கு,
மடியில் தட்டோடு,
உன் அம்மா